ஸ்பானர் போட்டு ஸ்டார்ட் செய்வது சாமர்த்தியம் அல்ல

முந்தின நாள் மாலை நல்ல மழை. மானாவாரிச் செம்மண் நிலம் உழவுக்குப் பதமாக இருக்கிறது. ஈரம் காய்வதற்குள் உழுது நிலக்கடலை விதைத்தாக வேண்டும். விவசாயி தமது பழைய டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருப்புகிறார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் திருப்புகிறார்; மறுபடியும் 'டக்'. உடனே கீழே இறங்கி, பெட்டியிலிருந்து ஒரு ஸ்பானரை எடுக்கிறார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஸ்டார்ட்டரின் தலையில் உள்ள பெரிய போல்ட்டையும் பக்கத்திலுள்ள சின்ன டெர்மினலையும் ஸ்பானரால் இணைக்கிறார். பொறி பறக்கிறது, என்ஜின் ஓடத் தொடங்குகிறது. வேலை நடந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. ஒரு மாதத்தில் அந்த ஸ்பானரே டிராக்டரின் சாவியாகிவிடுகிறது.

இந்தக் காட்சி கிராமங்களில் புதிதல்ல. இதைக் கைத்தேர்ச்சி என்று பாராட்டுபவர்களும் உண்டு. ஆனால் இது தேர்ச்சி அல்ல. சில ரூபாயில் தீரக்கூடிய ஒரு வயர்க் கோளாறைத் தள்ளிப்போட்டு, அதற்கு உயிரை ஈடாக வைக்கும் பழக்கமாகும்.

உயிருக்கு ஆபத்து எப்படி?

பல டிராக்டர்களில் கியர் நியூட்ரலில் இருந்தால்தான், அல்லது கிளட்சை முழுவதும் மிதித்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். அதற்கென்று ஒரு பாதுகாப்பு ஸ்விட்சைத் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். ஸ்பானரால் நேரே இணைக்கும்போது சாவியும் இந்த ஸ்விட்சும் இல்லாதவை போலாகிவிடுகின்றன. வண்டி கியரில் நின்றிருந்தாலும் ஸ்டார்ட்டர் சுற்றும். சுற்றிய மாத்திரத்தில் டீசல் என்ஜின் பிடித்துக்கொண்டு, வண்டி நகரத் தொடங்கும்.

அப்போது ஸ்பானர் பிடித்தவர் நிற்கும் இடம் எது? பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். ஏறிக் கிளட்சை மிதிக்க நேரமில்லை, விலகவும் நேரமில்லை. ஆள் உயரத்தில் பாதிக்குமேல் இருக்கும் பின் சக்கரம் அவர்மேல் ஏறிவிடும். டிராக்டர் உள்ள நாடுகள் பலவற்றிலும் இவ்விதமாக உயிர்கள் போயிருக்கின்றன. ஆகையினால்தான் புதிய டிராக்டர்களில் ஸ்டார்ட்டர் டெர்மினல்களின்மேல் ஒரு மூடி போட்டு அனுப்புகிறார்கள். முதல் தடவை ஸ்பானர் வைக்கும்போதே அந்த மூடி கழன்று விழுகிறது. பிறகு யாரும் அதைத் தேடுவதில்லை.

'என் வண்டியை நான் எப்போதும் நியூட்ரலில்தான் நிறுத்துவேன்' என்று அனுபவமுள்ள விவசாயிகள் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மாலையில் வண்டியை நிறுத்தியவர் மகனாக இருக்கலாம். கூலிக்கு ஓட்டியவராக இருக்கலாம். இரவில் ஏறி விளையாடிய சிறுவன் கியரைத் தள்ளியிருக்கலாம். மேட்டில் நிறுத்தும்போது உருளாமல் இருக்கட்டும் என்று கியரில் போட்டு நிறுத்துவதும் வழக்கம்தான். நூறு நாள் ஒன்றும் நேராமல் இருப்பது, நூற்றொன்றாம் நாளுக்கு உத்தரவாதம் ஆகாது.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தியை நினைவுகூர்வது பொருத்தமாக இருக்கும். மோட்டார் வாகனங்களின் தொடக்க காலத்தில் என்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்பினார்கள். என்ஜின் பின்னுக்கு உதைத்தால் கைப்பிடி எகிறி மணிக்கட்டு முறியும். அந்த ஆபத்தைப் போக்கவே அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கினார். 1912-இல் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. கையைக் காப்பாற்றுவதற்கு வந்த கருவியைக் கொண்டு உயிரை இழப்பது எவ்வளவு பெரிய முரண்!

ஸ்டார்ட்டர் என்பது என்ன?

ஸ்டார்ட்டர் ஒரு டி.சி. மோட்டார். கிணற்று மோட்டார் கம்பத்திலிருந்து வரும் ஏ.சி. மின்சாரத்தில் ஓடுகிறது. ஸ்டார்ட்டரோ பேட்டரி தரும் 12 வோல்ட் நேர் மின்சாரத்தில் ஓடுகிறது. பழைய டிராக்டர்களின் ஸ்டார்ட்டரில் வெளிக்கூட்டோடு ஒட்டிக் கனத்த பீல்டு காயில்கள் இருக்கும். நடுவில் சுழல்வது ஆர்மேச்சர். ஆர்மேச்சரின் ஒரு முனையில் செம்புப் பட்டைகளால் ஆன காம்யூட்டேட்டர். அதன்மேல் ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருப்பவை கார்பன் பிரஷ்கள். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் பீல்டு காயில், பிரஷ், ஆர்மேச்சர், மறு பிரஷ் என்று வரிசையாகச் சென்று, வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது.

திரும்பி வரும் வழியும் ஒரு வயர்தான் என்பதை மனத்தில் இருத்த வேண்டும். பேட்டரியின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் எர்த் பட்டைதான் அந்த வழியின் கடைசிக் கண்ணி. பெரும்பாலான வண்டிகளில் நெகட்டிவ் முனையே உடலோடு சேர்ந்திருக்கும். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனை சேர்ந்திருப்பதும் உண்டு. பேட்டரி மாற்றுமுன் இதைப் பார்த்துக்கொள்வது அவசியம். பீல்டு காயில் உள்ள ஸ்டார்ட்டர், முனைகளை மாற்றிப் பூட்டினாலும் அதே திசையில்தான் சுற்றும். ஆகவே 'என்ஜின் சுற்றுகிறதே, சரியாகத்தான் பூட்டியிருக்கிறோம்' என்று ஏமாந்துவிடக் கூடாது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியாக இருந்தால், மாற்றிப் பூட்டியதும் அதன் உள்ளிருக்கும் டயோடுகள் கருகிவிடும்.

வாய்க்கால் அடைப்பும் வயர் அடைப்பும்

ஒரு டிராக்டர் என்ஜினைச் சுழற்றும்போது ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர், அதற்கு மேலும்கூட இழுக்கும். கோளாறுகளில் பெரும்பகுதிக்கு விளக்கம் இந்த ஒரு கணக்கிலேயே இருக்கிறது.

பேட்டரி முனையில் பச்சை பூத்து, இணைப்பில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் 200 ஆம்பியர் அதன் வழியாகப் போகும்போது 2 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது நல்ல பேட்டரியே 10.5 வோல்ட் அளவுக்கு இறங்கும். அதில் 2 வோல்ட் போனால் மோட்டாருக்குக் கிடைப்பது 8.5 வோல்ட்தான். மோட்டார் முனகும், என்ஜின் பிடிக்காது. இழந்த மின்சாரம் அந்த இணைப்பில் 400 வாட் வெப்பமாக வெளிப்படும்.

இதே வயரில் டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? 5 வாட் பல்பு எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. அந்தச் சிறு மின்சாரத்துக்கு இந்தத் தடை ஒரு பொருட்டே அல்ல. பல்பு பளிச்சென்று எரியும். 'கரண்டு வருகிறது; வயர் நல்லாயிருக்கிறது; மோட்டார்தான் போய்விட்டது' என்ற தீர்ப்பு எழுதப்படும். மண் மேவிய வாய்க்காலில் ஆடு மாடு குடிக்கத் தண்ணீர் வரும். வயலுக்குப் பாயத் தண்ணீர் வராது. குடிக்க வருகிறதே என்று வாய்க்காலை விட்டுவிட்டுக் கிணற்றைக் குறை சொல்பவர் யாரும் இல்லை. வயர் விஷயத்தில் மட்டும் அதைத்தான் செய்கிறார்கள்.

வாய்க்காலை அடைக்கும் மண் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததே. சேற்றுழவின்போது தெறிக்கும் நீரும் சேறும் இணைப்புகளில் புகுந்து துருவேற்றுகின்றன. வைக்கோல் அடுக்கிய கொட்டகையில் நிறுத்திய வண்டியின் வயர்களை எலி கடிக்கிறது. ஆயுத பூஜைக்கு முன் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும்போது எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டின் மேலேயே மறுபடி பூட்டிவிடுகிறார்கள்; பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அறுந்த பேட்டரி கேபிளுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த மெல்லிய வயரை முறுக்கிக் கட்டுகிறார்கள். பூஜை முடிந்த சில நாட்களில் 'டக்' சத்தம் கேட்டால், சந்தேகம் முதலில் எர்த் போல்ட்டின்மேல் விழ வேண்டும்.

சோதனை தொடங்குமுன்

கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும்; கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களின் முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை வைக்க வேண்டும். சோதனைக்காகச் சாவி திருப்பும்போது என்ஜின் ஓடிவிடாமல் இருக்க, டீசலை நிறுத்தும் ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து சாவி திருப்ப, மற்றவர் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று மீட்டரைப் பார்க்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், வெள்ளி அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றி வைப்பது நல்லது. 12 வோல்ட் உடம்பில் ஷாக் அடிக்காது என்றாலும், மோதிரம் குறுக்கே பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவருவதால் அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. பேட்டரியைக் கழற்றும்போது எர்த் இணைப்பை முதலில் கழற்றி, பூட்டும்போது கடைசியில் பூட்ட வேண்டும். ஒரே மூச்சில் 10 வினாடிக்குமேல் ஸ்டார்ட்டரை ஓட்டக் கூடாது. ஒரு நிமிடமாவது ஆற விட வேண்டும்.

காதும் கண்ணும் சொல்லும் செய்தி

மீட்டர் எடுக்குமுன்பே பாதிச் செய்தி தெரிந்துவிடும். முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

விளக்கு அடியோடு மங்கி, 'டக் டக் டக்' என்று தொடர்ந்து தட்டினால், பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி முனையில் இணைப்பு கெட்டிருக்கிறது. விளக்கு மங்காமலே இருந்து, சத்தமும் இல்லையென்றால், சாவி ஸ்விட்ச், பாதுகாப்பு ஸ்விட்ச், சாலினாய்டுக்குச் செல்லும் மெல்லிய வயர் ஆகியவற்றில் எங்கோ அறுந்திருக்கிறது. விளக்கு மங்காமல், ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால், சாலினாய்டின் உள்ளே உள்ள செம்புத் தொடுமுனைகள் கருகியிருக்கலாம். அல்லது மோட்டாரின் பிரஷ் காம்யூட்டேட்டரைத் தொடாமல் இருக்கலாம். விளக்கு நன்றாக மங்கி, ஒரு 'டக்'கோடு எல்லாம் அசையாமல் நின்றால், பினியன் பல் பிளைவீலில் சிக்கியிருக்கலாம். என்ஜினே இறுகியிருக்கவும் கூடும். மோட்டார் மட்டும் 'விர்' என்று சுற்றி என்ஜின் சுற்றாவிட்டால், குறை வயரில் இல்லை, பினியனில் இருக்கிறது.

மீட்டரால் அளக்கும் முறை

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டி மீட்டரே இதற்குப் போதும். அதை டி.சி. வோல்ட் 20 என்ற இடத்தில் வைக்க வேண்டும். ஆம்பியர் துளையில் வயரைச் செருகி ஸ்டார்ட்டரில் வைத்தால் மீட்டர் கருகிவிடும். ஓம் அளவில் வைத்துப் பார்ப்பதாலும் பயனில்லை. நூறில் ஒரு பங்கு ஓமைச் சாதாரண மீட்டர் காட்டாது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த இடத்தில் எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்ப்பதே சரியான வழி.

முதலாவது, பேட்டரியின் இரு ஈய முனைகளிலும் மீட்டர் ஊசிகளை வைக்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் அளவு இருந்தால் சார்ஜ் நிறைந்த பேட்டரி. 12-க்குக் கீழே இருந்தால் அனேகமாகக் காலி. சாவி திருப்பும்போது 9.5-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியை முதலில் சார்ஜ் செய்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம் போகும் வழி. ஒரு ஊசி பேட்டரியின் ஈய முனையின்மேலேயே இருக்க வேண்டும். கிளாம்ப்பின்மேல் வைத்தால் முனைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் உள்ள பச்சை அகப்படாமல் தப்பிவிடும். மறு ஊசி, கேபிள் வந்து சேரும் சாலினாய்டின் பெரிய போல்ட்டில். சாவி திருப்பும்போது அரை வோல்ட்டுக்குள் காட்டினால் கேபிள் நல்லது. அதற்குமேல் காட்டினால் அந்த வழியில் அடைப்பு.

மூன்றாவது, சாலினாய்டின் இரு பெரிய போல்ட்டுகளுக்கும் இடையே. சாவி திருப்பாதபோது 12 வோல்ட் காட்டும்; திருப்பியதும் அனேகமாகப் பூஜ்யத்துக்கு வந்துவிட வேண்டும். 'டக்' என்று கேட்ட பிறகும் 12 வோல்ட்டே நின்றால் உள்ளே முனைகள் சேரவில்லை.

நான்காவது, திரும்பி வரும் வழி. ஒரு ஊசி பேட்டரியின் எர்த் முனையில். மறு ஊசி ஸ்டார்ட்டரின் கூட்டில், பெயின்ட் இல்லாத இடத்தில். இங்கும் அரை வோல்ட்டுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பலர் பார்க்காமல் விட்டுவிடுவது இந்த நான்காவது சோதனையைத்தான்.

மீட்டர் இல்லாத இடத்தில் கையும் ஓரளவு உதவும். இரண்டு மூன்று தடவை சாவி திருப்பிவிட்டு நிறுத்தி, ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், சூடாக இருக்கும் இடம்தான் நோயுள்ள இடம்.

குறை தெரிந்த பிறகு மருந்து எளிது. பச்சை பூத்த முனைகளைச் சமையல் சோடா கலந்த நீரால், பேட்டரிக்குள் அந்த நீர் புகாதபடி கழுவி, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாசலின் தடவ வேண்டும். எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரியச் செய்து பூட்ட வேண்டும். கேபிள் மாற்றினால் பழையதன் கனத்துக்குக் குறையாத கேபிளையே போட்டு, முனையில் லக் வைத்து அழுத்திப் பிடிக்கச் செய்ய வேண்டும். முறுக்கிக் கட்டக் கூடாது.

மோட்டார் உண்மையிலேயே கெட்டிருந்தால்

மேலே சொன்ன நான்கு சோதனைகளும் தேறி, மோட்டாரின் டெர்மினலுக்கு 10 வோல்ட் அளவு வந்தும் அது சுற்றவில்லை அல்லது முனகுகிறது என்றால் மட்டுமே மோட்டாரைக் கழற்றுவது நியாயம். கழற்றினாலும் முதலில் பார்க்க வேண்டியது காயிலை அல்ல; பிரஷ்ஷை. தேய்ந்து குட்டையாகி இருக்கலாம், கரித்தூள் அடைத்துக் கூட்டுக்குள் சிக்கியிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பிரஷ்ஷின் பின்னல் வயர் அறுந்திருக்கலாம். காம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, ஆற விட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். இரும்பு தேய்க்கும் எமரித் தாள் கூடாது. அதன் துகள்கள் செம்பில் பதிந்து பிரஷ்ஷை அரித்துவிடும்.

அடுத்து, இரு முனையிலும் உள்ள புஷ்கள். அவை தேய்ந்தால் ஆர்மேச்சர் ஒரு பக்கம் சாய்ந்து, கூட்டின் உட்புறம் உரசும். உரசிய தடம் பளபளவென்று தெரியும். அப்படிப்பட்ட மோட்டார் அதிக மின்சாரம் இழுத்து மெதுவாகச் சுற்றும். காயில் நன்றாக இருக்க, இரண்டு புஷ் மாற்றினால் தீர வேண்டிய வேலைக்கு மோட்டாரையே மாற்றியவர்கள் உண்டு.

ஆர்மேச்சரில் எர்த் இருக்கிறதா என்று பார்க்க, 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைக் காம்யூட்டேட்டரிலும் மறு முனையை ஆர்மேச்சரின் அச்சிலும் படும்படி பேட்டரியோடு இணைக்க வேண்டும். பல்பு எரிந்தால் காயிலின் காப்பு போய்விட்டது. அப்போதுதான் ரீவைண்டிங் பேச்சுக்கே இடம். சரி செய்த மோட்டாரை மேஜைமேல் சும்மா வைத்து ஓட்டிப் பார்க்கக் கூடாது. பளு இல்லாமல் ஓடும்போது இவ்வகை மோட்டார் வேகம் மிஞ்சிப் பறக்கும். தொடங்கும்போது எகிறியும் விழும். வைஸில் இறுக்கிப் பிடித்து ஓரிரு வினாடிகள் மட்டும் சோதிக்க வேண்டும்.

பேட்டரி அடிக்கடி இறங்குகிறது என்றால் சார்ஜ் செய்யும் பகுதியைப் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பழைய வண்டிகளில் உள்ள டைனமோவும் பிரஷ், காம்யூட்டேட்டர் உள்ள டி.சி. இயந்திரமே; மேற்சொன்ன பிரஷ் வைத்தியம் அதற்கும் பொருந்தும். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும்.

பார்த்ததற்குக் கூலி

இவ்வளவும் தெரிந்த மெக்கானிக்குகள் கிராமங்களில் இல்லாமல் இல்லை. பின் ஏன் மோட்டாரைக் கழற்றுவதில் முதலில் கை வைக்கிறார்கள்? இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது.

ஒரு மெக்கானிக் மீட்டரோடு வந்து, அரை மணி நேரம் பொறுமையாக அளந்து, 'எர்த் போல்ட்டில் பெயின்ட் இருக்கிறது' என்று கண்டுபிடித்து, சுரண்டி, இறுக்கிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு எவ்வளவு கூலி கிடைக்கும்? 'ஒரு போல்ட்டை இறுக்கியதற்கு இவ்வளவா?' என்ற கேள்விதான் கிடைக்கும். அதே மெக்கானிக் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய், இரண்டு நாள் வைத்திருந்து, புதிய பிரஷ்ஷும் ரீவைண்டிங்கும் என்று எழுதினால் பல மடங்கு தொகையை முணுமுணுக்காமல் கொடுக்கிறார்கள். மாற்றிய பொருளுக்கு விலை கொடுப்பவர்கள், கண்டுபிடித்த அறிவுக்கு விலை கொடுப்பதில்லை. அறிவுக்கு விலை இல்லாத இடத்தில் பொருள்தான் விற்கப்படும்.

இந்த வழக்கத்தை மாற்றும் உரிமை விவசாயியிடமே இருக்கிறது. 'முதலில் அளந்து பாருங்கள்; பார்ப்பதற்கு இவ்வளவு கூலி' என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். மோட்டாரைக் கழற்றுமுன் மூன்று எண்களைக் கேட்க வேண்டும்: ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், போகும் வழியில் விழுவது எத்தனை, திரும்பும் வழியில் விழுவது எத்தனை? இந்த மூன்றையும் சொல்லக்கூடிய மெக்கானிக் கேட்கும் கூலியைத் தயங்காமல் கொடுக்கலாம். அது எப்படியும் ஒரு மோட்டாரின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். சொல்ல முடியாதவரிடம் மோட்டாரைக் கழற்றக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

அவசரம் என்ற வாதமும் உண்டு. 'ஈரம் காய்கிறது, மீட்டர் தேடிக்கொண்டிருக்க முடியுமா?' என்பது நியாயமான கேள்விதான். விதைப்புக் காலத்தில் ஒரு நாள் தவறுவது சிறு விவசாயிக்கு ஒரு பருவமே தவறுவதாக ஆகலாம். ஆனால் இந்தக் கோளாறு உழவு நாளன்று திடீரென்று பிறப்பதில்லை. பல வாரங்களாக என்ஜின் மெதுவாகச் சுற்றி, இரண்டாம் முறை மூன்றாம் முறை சாவி திருப்பிய பிறகே பிடித்து, முன்னறிவிப்புக் கொடுத்துக்கொண்டுதான் வருகிறது. கோடையில் வண்டி சும்மா நிற்கும்போது அரை நாள் ஒதுக்கி இணைப்புகளைச் சுத்தம் செய்தால், ஆடியில் ஸ்பானரைத் தேட வேண்டியிராது.

ஸ்பானரைக் கைவிட்டவர்கள் வேறு இரண்டு வழிகளைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஒன்று, வண்டியை மேட்டில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்வது. கரையிலும் வரப்பிலும் இது கவிழ்வதற்கு வழி. மற்றொன்று, காலையில் ஓடிய என்ஜினை மாலைவரை நிறுத்தாமலே வைத்திருப்பது; சாப்பாட்டு நேரத்திலும் டீசல் வீணாக எரிகிறது. இரண்டுமே அந்தச் சின்ன வயருக்குச் செலுத்தும் வட்டிதான்.

வாடகைக்கு விடுவோர் கவனத்துக்கு

சிறு விவசாயிகளில் பலர் சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பதில்லை, வாடகைக்கே அமர்த்துகிறார்கள். ஆனால் ஆபத்து வயலின் சொந்தக்காரரையும் சேர்த்தே தொடர்கிறது. ஸ்டார்ட் ஆகாத வண்டியின் அருகில் உதவிக்கு நிற்பவர் அவர்தான். ஸ்பானரை எடுத்துக் கொடுப்பது அவர் வீட்டுச் சிறுவன்தான். ஆகவே வாடகை பேசும்போதே, 'வண்டி சாவியில் ஸ்டார்ட் ஆகுமா?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும். ஸ்பானரில் ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கு வேண்டாம் என்று நாலு பேர் சொன்னால், ஐந்தாவது நாள் அந்த வயர் சரியாகிவிடும்.

வாடகை இயந்திர நிலையங்களும் கூட்டுறவு அமைப்புகளும் பாதுகாப்பு ஸ்விட்ச் வேலை செய்யாத வண்டியை வெளியே அனுப்புவதில்லை என்று விதி வகுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு மல்டி மீட்டரும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் இருப்பது பெரிய செலவல்ல. இயந்திரம் வாங்குவதற்கு மானியமும் கடனும் எவ்வளவு என்று விசாரிப்பதில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கை, வாங்கிய இயந்திரத்தைப் பேணுவதில் காட்டினால் போதும். ஓட்டுநர் பயிற்சி என்றால் ஸ்டியரிங் பிடிப்பதும் கலப்பை பூட்டுவதும் மட்டுமல்ல. ஓர் இணைப்பில் எத்தனை வோல்ட் விழுகிறது என்று அளக்கக் கற்பதும் அதில் அடங்க வேண்டும்.

பழைய டிராக்டர் என்பதால் எதுவும் கெட்டுப்போய்விடுவதில்லை. கனத்த செம்பில் சுற்றிய பழைய ஸ்டார்ட்டர்கள், பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றி வந்தால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அவற்றைக் கொல்வது வயதல்ல. துருவேறிய ஒரு முனையும், பெயின்ட்டின்மேல் பூட்டிய ஒரு போல்ட்டும்தான்.

அடுத்த முறை சாவி திருப்பி 'டக்' என்று கேட்டால், ஸ்பானரை எடுக்க வேண்டியதுதான். ஆனால் ஸ்டார்ட்டரின் தலையில் வைப்பதற்கு அல்ல. பேட்டரியின் எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி இறுக்குவதற்கு. ஸ்பானருக்கு உரிய வேலை அதுவே.